கன்றின் காதில் வைக்கும் மாத்திரையும், வாங்குபவருக்குக் கொடுத்த சொல்லும்

டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு வடமேற்கே ஒன்றரை மணி நேரப் பயணத் தொலைவில், 120 ஏக்கர் மேய்ச்சல் நிலம் வாங்கியிருக்கும் வாசகர் ஒருவர், கால்நடை மருத்துவரான எனக்கு எழுதியிருக்கிறார். மென்பொருள் வேலை, சொந்த ஊர் மதுரைப் பக்கத்துக் கிராமம், தாத்தா காலம் வரை வீட்டில் உழவு மாடு இருந்ததாம். இப்போது அவரிடம் 22 தாய்ப்பசுக்களும் இந்த வசந்தத்தில் ஈன்ற 19 கன்றுகளும் இருக்கின்றன. கன்றுகளில் நான்கு கிடேரிகளைப் பசுவாக்கவும் ஒரு காளைக்கன்றை இனவிருத்திக்கும் வைத்துக்கொண்டு, மற்ற பதினான்கை விற்கப்போகிறார். மேலும், ஏலச் சந்தையில் வாங்கிய ஒன்பது காயடித்த காளைகள் மேய்ச்சலில் நிற்கின்றன. கன்றுகளுக்குத் தடுப்பூசி போட்டுக் காயடிக்கும் நாளில், உதவிக்கு வரும் பக்கத்துப் பண்ணைக்காரர் தம்மிடம் உள்ள இம்ப்ளான்ட் துப்பாக்கியை (எடை கூட்டும் ஹார்மோன் மாத்திரையைக் காதுத் தோலுக்கடியில் செலுத்தும் கருவி) கொண்டுவருவதாகவும், எல்லாக் கன்றுகளுக்கும் காதில் ஒரு டோஸ் வைத்துவிட்டால் தலைக்கு நூறு பவுண்டு கூடும் என்றும் சொல்லியிருக்கிறார். ஒன்பது காளைகளுக்கு ‘ஃபீட்லாட்டில் வைக்கிற பலமான ரகத்தை’ (ஃபீட்லாட் என்பது அடர்தீனி கொடுத்து மாட்டைக் கொழுக்கவைக்கும் கொட்டில்) இரண்டு முறை வைக்கலாம் என்பதும் அவருடைய யோசனை.

வாசகரின் மனைவிக்கு இதில் சம்மதமில்லை. எட்டு வயது மகள் இருக்கிறாள். ஹார்மோன் பயத்தால்தான் வீட்டில் பிராய்லர் கோழியை நிறுத்திவிட்டு மாட்டிறைச்சிக்கு மாறினார்களாம். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் தாயார், ‘ஊசி போட்டுப் பால் கறக்கிற பாவம் மாதிரிதானே இதுவும்’ என்கிறார். இதற்கிடையில், சென்ற ஆண்டு மூன்று காளைகளை அலுவலக நண்பர்கள் சிலருக்குக் கால் பங்கு, அரைப் பங்கு என்று பிரித்து விற்றபோது, ‘எங்கள் மாட்டில் ஹார்மோன் கிடையாது’ என்று இவரே சொல்லியிருக்கிறார். கேள்விகள் நான்கு: இது மகளுக்குக் கெடுதலா, பக்கத்துக்காரர் சொல்வது சரியா, அறுப்பதற்குச் சில வாரம் முன்பே மருந்து தீர்ந்துவிட்டால் ‘நேச்சுரல்’ என்று விற்கலாமா, நிலவரிச் சலுகைக்கு இது தேவையா.

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். டெக்சாஸில் மேய்ச்சல் நிலத்துக்குக் கிடைக்கும் வேளாண் மதிப்பீட்டுச் சலுகைக்கும் இம்ப்ளான்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து ஆண்டுகளாவது நிலம் முதன்மையாக வேளாண்மைக்குப் பயன்பட்டதா, உங்கள் கவுன்ட்டி எதிர்பார்க்கும் அளவுக்குக் கால்நடை நிற்கிறதா என்பதைத்தான் மதிப்பீட்டு அலுவலகம் பார்க்கும். மாட்டின் எடையை யாரும் கேட்க மாட்டார்கள்.

மற்ற மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை. அவற்றுக்குப் போகுமுன், பேசுகிற பொருள் என்னவென்று தெளிவாக்கிக்கொள்வது நல்லது; உங்கள் கடிதத்தில் மூன்று வெவ்வேறு பயங்கள் ஒரே பெயரில் கலந்திருக்கின்றன.

காதுக்குள் போவது என்ன

இம்ப்ளான்ட் என்பது அரிசிமணியைவிடச் சற்றுப் பருத்த, அழுத்திச் செய்த சிறு மாத்திரைகளின் வரிசை. காதின் பின்புறத் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில் அதை வைத்துவிட்டால், ரகத்தைப் பொறுத்து, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் முதல் ஆறேழு மாதம் வரை சிறிது சிறிதாகக் கரைந்து இரத்தத்தில் சேரும். அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்ப்ளான்ட்களில் இருப்பவை ஈஸ்ட்ரடையோல், புரோஜெஸ்ட்ரோன், டெஸ்டோஸ்டிரோன் என்ற மூன்று இயற்கை ஹார்மோன்களும், ட்ரென்போலோன் அசிட்டேட், ஜெரனால் என்ற இரண்டு ஆய்வகச் சேர்மங்களும்தான். ஈஸ்ட்ரோஜன் வகை, மாட்டின் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டி அதன் சொந்த வளர்ச்சி ஹார்மோனைக் கூட்டுகிறது. ட்ரென்போலோன், தசைப் புரதம் சிதைவதைக் குறைக்கிறது. தின்ற தீனியில் கொழுப்பாகப் போகவேண்டியதில் ஒரு பங்கு சதையாகத் திரும்புகிறது என்று சுருக்கமாகச் சொல்லலாம். அறுக்கும்போது காது உணவில் சேராமல் கழிக்கப்பட்டுவிடுகிறது. மருந்தைக் காதில் வைப்பதற்கு அதுவே காரணம். சதைக்குள் ஊசி போடுவதாக உங்கள் மனைவி எண்ணியிருப்பது இந்த விஷயத்தில் பொருந்தாது.

உங்கள் தாயார் சொல்வது ஆக்சிடோசின். மடியில் சுரந்த பாலை இறங்கவைக்கக் கறவை மாட்டுக்குத் திரும்பத் திரும்பப் போடும் ஊசி அது. நம் ஊரில் அது முறைகேடாகப் பயன்படுவது உண்மை, அவருடைய கோபமும் நியாயமானது. ஆனால் பொருளும் வேறு, நோக்கமும் வேறு.

கோழியைப் பற்றி எழுதும்போது எனக்குச் சற்றுச் சங்கடமாக இருக்கிறது. அமெரிக்காவில் வளர்ச்சிக்கென ஸ்டீராய்டு ஹார்மோன் இம்ப்ளான்ட் வைக்க இறைச்சி மாட்டுக்கும் செம்மறி ஆட்டுக்கும்தான் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி தந்திருக்கிறது. கோழி, பன்றி, கறவைப் பசு, வீல் எனப்படும் இளங்கன்று இறைச்சிக்கான கன்று ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. பிராய்லர் ஆறு வாரத்தில் அவ்வளவு பெரிதாவதற்குக் காரணம் பல பத்தாண்டுத் தெரிவு இனப்பெருக்கமும் தீனியும். ஆக, ஹார்மோனுக்குப் பயந்து நீங்கள் விட்டது ஹார்மோன் வைக்காத இறைச்சியை. கடையில் அதற்குப் பதிலாக வாங்கத் தொடங்கியது, பெரும்பாலும் இம்ப்ளான்ட் வைத்த மாட்டின் இறைச்சியை. இந்த நாட்டு ஃபீட்லாட்களில் இம்ப்ளான்ட் வைப்பதுதான் வழக்கம், வைக்காதிருப்பது விதிவிலக்கு. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. மகளின் தட்டு பற்றிய முடிவும் கன்றின் காது பற்றிய முடிவும் நீங்கள் நினைப்பதைவிடத் தனித்தனியானவை என்பதற்காக.

மகளின் தட்டில் எவ்வளவு

இது பற்றி இரு தரப்பும் காட்டும் எண்களில் பாதியை நான் என் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை. பண்ணைத் துறையினர் விரும்பிக் காட்டும் அட்டவணையில், ஒரு துண்டு மாட்டிறைச்சியில் இருப்பதைவிட முட்டைக்கோஸிலும் சோயா எண்ணெயிலும் ஆயிரக்கணக்கான மடங்கு ஈஸ்ட்ரோஜன் இருப்பதாக வரும். தாவரத்தில் இருப்பது வேறு சேர்மம், அதன் வீரியமும் வேறு; இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமான ஒப்பீடு அல்ல. பருவமடையாத சிறுமியின் உடலே நாளொன்றுக்குப் பல்லாயிரம் நானோகிராம் ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது என்று அதே அட்டவணையில் ஒரு வரி வரும். அது பழைய ஆய்வக முறைகளில் அளந்தது. உண்மை அளவு அதைவிட மிகக் குறைவாக இருக்கும் என்று ஹார்மோன் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

நான் நம்பிச் சொல்லக்கூடியது இது. பரவலாக மேற்கோள் காட்டப்படும் அளவீட்டின்படி, இம்ப்ளான்ட் வைக்காத காளையின் 85 கிராம் இறைச்சியில் சுமார் 1.3 நானோகிராம் ஈஸ்ட்ரோஜன் இருந்தால், வைத்த காளையின் இறைச்சியில் 1.9 நானோகிராம் இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, ஈஸ்ட்ரடையோலுக்கு நிர்ணயித்த அன்றாட ஏற்பு அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 50 நானோகிராம் வரை. உங்கள் மகள் 25 கிலோ என்று கொண்டால் நாளொன்றுக்கு 1,250 நானோகிராம். நம்மில் யாரும் ஒரு குழந்தைக்கு ஊட்டக்கூடிய இறைச்சியால் அந்த அளவை எட்ட முடியாது. ட்ரென்போலோனுக்கும் ஜெரனாலுக்கும் தசையில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம், கல்லீரலில் 10 மைக்ரோகிராம் என்று தனி எச்ச வரம்புகள் உண்டு.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் இந்த ஹார்மோன்களைத் தன் பண்ணைகளில் தடை செய்ததோடு, 1989 முதல் அப்படி வளர்த்த மாட்டின் இறைச்சியை இறக்குமதி செய்வதையும் நிறுத்தியது. அமெரிக்காவும் கனடாவும் வழக்குத் தொடுத்தன. தடைக்கு உரிய இடர் மதிப்பீடு இல்லை என்று உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு 1998-இல் கூறியது. அதற்குப் பிறகும் ஐரோப்பா தடையை விலக்கவில்லை. 1999-இல் அவர்களுடைய அறிவியல் குழு, ஈஸ்ட்ரடையோலைப் புற்றுநோய்க் காரணியாகவே கருத வேண்டும், இந்த அளவுக்குக் கீழே ஆபத்தில்லை என்று ஓர் எல்லையைக் குறிக்க முடியாது என்று எழுதியது. உங்கள் மனைவி படித்ததாகச் சொல்லும் டி.இ.எஸ். கதையும் உண்மைதான். 1954-இல் மாட்டுத் தீனிக்கு அனுமதி பெற்ற அந்தச் செயற்கை ஈஸ்ட்ரோஜனை, கர்ப்பிணிகளுக்கு மருந்தாகவும் கொடுத்திருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த மகள்களிடம் அரிய வகைப் புற்றுநோய் தோன்றுவது 1971-இல் தெரியவந்தது. மாட்டுத் தீனியிலிருந்தும் இம்ப்ளான்டிலிருந்தும் அது முற்றாக விலக 1979 ஆயிற்று. இன்று விற்பவற்றில் டி.இ.எஸ். இல்லை. ஆனால் அந்தத் தாமதத்தை அறிந்த ஒரு தாய் சந்தேகப்படுவதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன்.

என் கருத்தைக் கேட்டால், இம்ப்ளான்ட் வைத்த மாட்டின் இறைச்சியை என் வீட்டிலும் சாப்பிடுகிறோம். பருவமடைதல் முன்கூட்டி வருவதைப் பற்றிய கவலைக்குக் குழந்தை மருத்துவரிடம் எடை, உணவு, பரம்பரை எல்லாவற்றையும் வைத்துப் பேசுங்கள். அது கால்நடை மருத்துவர் தீர்ப்புச் சொல்லும் இடம் அல்ல. சொந்தப் பண்ணையிலேயே ஒரு காளையை எதுவும் வைக்காமல் வீட்டுக்கென்று வளர்க்கும் வசதி உங்களுக்கு இருக்கிறது. அதனால் உங்கள் வீட்டில் இந்த விவாதத்தில் யாராவது வென்றாக வேண்டிய அவசியமே இல்லை.

பக்கத்துக்காரரின் யோசனைகள்

அவர் நல்ல மனிதர் என்று கடிதத்தின் தொனியிலேயே தெரிகிறது. பால்குடிக் கன்றுகளுக்கு இம்ப்ளான்ட் வைக்கலாம் என்பதும் தவறான யோசனை அல்ல. ஆனால் நூறு பவுண்டு என்பது ஏதோ கோடை மாலையில் வேலியோரம் நின்று பேசிய கணக்கு. பிறந்து இரண்டு மூன்று மாதத்தில் ஒரு முறை வைத்த கன்று, பால் மறக்கும்போது வைக்காத கன்றைவிடப் பொதுவாக 15 முதல் 25 பவுண்டு கூடுதலாக நிற்கும். மேய்ச்சலில் வளரும் காளைகளுக்கு அன்றாட எடைக்கூட்டில் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை ஏற்றம் எதிர்பார்க்கலாம். அதுவும் புல் நன்றாக இருந்தால். கரையோர பெர்முடா புல் ஆகஸ்ட் வெயிலில் தண்டாகி, மாடு நாளொன்றுக்கு ஒரு பவுண்டுகூட ஏறாமல் நிற்கும்போது இம்ப்ளான்ட் வைத்தால், மருந்துக்குத் தசையாக்கக் கையில் தீனி இல்லை. புல்லுக்கும் தாது உப்புக்கும் குடற்புழு நீக்கத்துக்கும் பதிலாக இதை வைக்க முடியாது. உங்கள் மாடுகள் பிராமன் கலப்பு என்று எழுதியிருந்தீர்கள். (அந்தத் திமில் நம் பக்கத்து ஓங்கோலும் குஜராத்தின் கிர், காங்ரெஜ் இனங்களும் கொடுத்தது, வெயில் தாங்கும், வெறும் தண்டைத் தின்று எடை ஏறாது.)

அவருடைய பட்டியலில் நான் அடிக்கோடிட்டு மறுப்பவை வேறு. இனவிருத்திக்கென்று காயடிக்காமல் விடப்போகும் அந்த ஒரு காளைக்கன்றுக்கு எந்தக் காரணத்தாலும் வைக்கக் கூடாது. விதை வளர்ச்சி குன்றும். பிற ஆண் கன்றுகளைக் காயடித்து, அதே நாளில் இம்ப்ளான்ட் வைத்தால், காயடிக்காமல் விட்டுவைத்த கன்றின் எடையைப் பால் மறக்கும் பருவத்தில் ஏறத்தாழப் பிடித்துவிடும். ‘எடை கூடட்டும், பிறகு காயடிக்கலாம்’ என்ற வாதத்துக்கு அதனால் பெரிய பலன் இல்லை. ஏலத்திலும் காயடிக்காததற்கு விலை குறைப்பார்கள்.

பசுவாக்க வைத்துக்கொள்ளப் போகும் நான்கு கிடேரிக் கன்றுகளைப் பொறுத்தவரை, ரால்க்ரோ, சினோவெக்ஸ்-சி போன்ற கன்று ரகங்களை, மருந்துப் பெட்டியோடு வரும் விவரச் சீட்டு சொல்லும் வயதில் ஒரே ஒரு முறை வைத்தால், பின்னாளில் சினை பிடிப்பது பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை என்பதே ஆய்வுகளின் பொதுவான முடிவு. பிறந்தவுடன் வைப்பதும், பால் மறந்த பிறகு வைப்பதும் கெடுதல். ஆனால் வைத்துக்கொள்ளப் போவது எவை என்று தெரிந்தே இருக்கும்போது, இருபது பவுண்டுக்காக அந்த நான்கில் கை வைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. விட்டுவிடுங்கள்.

‘பலமான ரகம், இரண்டு முறை’ என்பது சட்ட விஷயம். ஃபீட்லாட்டுக்கான ரெவலார்-200 போன்றவற்றில் 200 மில்லிகிராம் ட்ரென்போலோன் அசிட்டேட்டும் 20 மில்லிகிராம் ஈஸ்ட்ரடையோலும் இருக்கின்றன. ரால்க்ரோவில் மொத்தமே 36 மில்லிகிராம் ஜெரனால். முன்னது, கொட்டிலில் அடர்தீனி தின்று கொழுக்கும் மாட்டுக்கு. நோய்க்கு மருந்து கொடுக்கும்போது, தேவைப்பட்டால் விவரச் சீட்டில் இல்லாத முறையிலும் கொடுக்கக் கால்நடை மருத்துவருக்கு ஓரளவு இடம் உண்டு. எடை கூட்டுவதற்கென்று கொடுக்கும் மருந்தில் அந்தச் சலுகை யாருக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது. மேலும், 2023-ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து எஃப்.டி.ஏ. ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியிருக்கிறது. தாயிடம் பால் குடிக்கும் கட்டம், மேய்ச்சலில் வளரும் கட்டம், கொட்டிலில் அறுவைக்குத் தயாராகும் கட்டம் என்பதுபோலப் பிரித்து, மறுமுறை வைக்கலாம் என்று விவரச் சீட்டிலேயே எழுதியிருந்தால் ஒழிய, ஒரே கட்டத்துக்குள் இரண்டாவது இம்ப்ளான்ட் வைக்கக் கூடாது. பக்கத்துக்காரர் முப்பது ஆண்டுகளாக அப்படிச் செய்துவந்திருக்கலாம். விதி தெளிவானது அண்மையில்தான் என்பதால் அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம். ஆனால் உங்கள் ஒன்பது காளைகளுக்கும் ஏலத்துக்கு வருமுன், மேய்ச்சலில் இருந்தபோதே ஒருவர் வைத்திருந்தால், நீங்கள் வைப்பது இரண்டாவதாகிவிடும்.

எப்படித் தெரிந்துகொள்வது? மாட்டை இரும்புக் கூண்டில் நிறுத்தித் தலையைப் பிடித்த பிறகு, காதின் பின்புறத்தில், அடியிலிருந்து நுனி வரை மூன்றாகப் பிரித்தால் வரும் நடுப்பங்கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். மணிகளைக் கோத்தது போன்ற சிறு வரிசையோ, தடித்த வடுவோ விரலில் தட்டினால், முன்பே யாரோ வைத்திருக்கிறார்கள். எதுவும் தட்டாவிட்டால், வைக்கவில்லை என்று பொருள் அல்ல, கரைந்துபோயிருக்கலாம். இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

கன்றுகளுக்கு வைப்பதென்றே முடிவு செய்தால், வேகத்தைவிடச் சுத்தம் முக்கியம். சாணம் ஒட்டிய ஈரக் காதைத் துடைக்காமல் ஊசி ஏற்றினால் சீழ் கட்டும். மருந்து கரையாமல் கிடக்கும், அல்லது வெளியே வந்துவிடும். ஒரு மழைநாளில் அவசர அவசரமாக வைத்த மந்தை ஒன்றை ஒரு மாதம் கழித்துப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காதுகள் வரிசையாகக் கொழுக்கட்டை போல வீங்கியிருந்தன, உரிமையாளர் மருந்து நிறுவனத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். காதைத் தூரிகையால் தேய்த்து, குளோர்ஹெக்சிடின் கரைசலில் துடைத்து, ஒவ்வொரு கன்றுக்கும் ஊசியைத் துடைத்துக்கொள்ளுங்கள். இரத்தக் குழாயையும் குருத்தெலும்பையும் தவிர்த்து ஊசியைச் செலுத்தி, விசையை அழுத்தும்போதே சற்றுப் பின்னால் இழுத்தால் மாத்திரைகள் வரிசையாக உட்காரும். குவியலாகவோ நொறுங்கியோ விழுந்தால் மருந்து ஒரேயடியாக இறங்கி, காளைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது, மடி புடைப்பது போன்ற தொல்லைகள் வரும். நாற்பத்தைந்து நாள் ஆகாத கன்றைத் தொடவே வேண்டாம்.

‘ஹார்மோன் கிடையாது’ என்ற சொல்

இனி, நீங்கள் மூன்றாவதாகக் கேட்டது. என் பார்வையில் முதலாவதாகக் கேட்டிருக்க வேண்டியது. இம்ப்ளான்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு, அறுப்பதற்கு முன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. காத்திருப்புக் காலம் பூஜ்யம். இறைச்சியின் பாதுகாப்பு பற்றி எஃப்.டி.ஏ. சொல்லும் சொல் அது. ‘ஹார்மோன் சேர்க்காமல் வளர்த்தது’ என்ற வாக்கு, மாட்டின் முழு வாழ்நாளையும் பற்றியது. மருந்து கரைந்து தீர்ந்து ஓராண்டு ஆனாலும், ஒரு முறை வைத்த மாடு அந்த வாக்குக்குள் திரும்ப வர முடியாது. ‘நேச்சுரல்’ என்ற சொல்லோ, வேளாண் துறையின் விளக்கப்படி, செயற்கைச் சேர்மானம் இல்லாமல் மிகக் குறைந்த பதப்படுத்தலுக்கு உள்ளான இறைச்சி என்பதை மட்டுமே குறிக்கும். மாடு எப்படி வளர்ந்தது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. சட்டப்படி நீங்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் உங்கள் நண்பர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ‘ஹார்மோன் இல்லாதது’ என்று பொட்டலத்தில் அச்சிடவும் முடியாது, ஏனெனில் எல்லா உயிருக்கும் ஹார்மோன் உண்டு. ‘சேர்க்கப்படாதது’ என்று அச்சிடுவதற்குப் பதிவேடுகளைக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும்.

இப்போது உங்கள் கணக்கையே எடுத்துப் பார்ப்போம். நண்பர்களிடம் தொங்கு எடையில் பவுண்டுக்கு ஒரு டாலர் கூடுதலாக வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். தோலும் குடலும் நீக்கித் தொங்கவிட்ட எடை 600 பவுண்டு என்றால், ஒரு காளைக்கு 600 டாலர் கூடுதல். மறுபக்கம், விற்கப்போகும் கன்று ஒன்றுக்கு 20 பவுண்டு கூடுகிறது என்றும், கனத்த கன்றுக்குப் பவுண்டு விலை சற்று இறங்குவதைக் கழித்துக்கொண்டு கூடிய பவுண்டுக்கு ஒன்றரை டாலர் நிற்கிறது என்றும் வைத்தால் 30 டாலர். மருந்துக்கு ஓரிரு டாலர் போக, பதினான்கு கன்றுகளுக்கும் சேர்த்து நானூறு டாலரை எட்டவில்லை. ஆயிரம் கன்று விற்பவருக்கு இதே கணக்கு ஒரு புதிய டிரக். உங்களுக்கு, நேரடியாக விற்கும் ஒரு காளையின் கூடுதல் விலைகூட இல்லை. எனவே மருந்தைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன், எந்தக் கன்று யாரிடம் போகப்போகிறது என்பதை முடிவு செய்யுங்கள். ஏலச் சந்தைக்கே போகும் கன்றுகளுக்கு வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தேதி, மருந்தின் பெயர், காதுக் குறி எண் மூன்றையும் எழுதிவைத்து, வாங்குபவர் கேட்டால் காட்டுங்கள். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும், ஹார்மோன் வைக்காத மாட்டிறைச்சிக்கென்று வேளாண் துறை நடத்தும் தனித் திட்டத்தில் சேர்ந்த பண்ணைகளின் கன்றுகளைத் தேடி வாங்குவோரும் உண்டு. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2019-இல் செய்த ஒப்பந்தம், அமெரிக்காவுக்கென அங்கே ஒதுக்கும் அளவு படிப்படியாக 35,000 டன்னை எட்டும்படி வகுத்தது. ஆனால் பதினான்கு கன்றுக்காக அந்தத் தணிக்கைச் செலவை நீங்கள் ஏற்பது வீண். நண்பர்களுக்கென்று வளர்ப்பவற்றை, உங்கள் பண்ணையில் பிறந்த கன்றுகளிலிருந்து மட்டும் ஐந்தாறு பிரித்து, வேறு நிறக் காதுக் குறி போட்டு, எதுவும் வைக்காமல் விடுங்கள். வேலை நாளில் துப்பாக்கியைப் பிடிப்பவர் பக்கத்துக்காரராக இருந்தால், அந்த நிறத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாற்பது டிகிரி வெயிலில் யாரும் பட்டியலைப் பார்ப்பதில்லை.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டு பங்கு போட்டு விற்ற மூன்று காளைகளும் ஏலத்தில் வாங்கியவை என்று ஒரு வரி போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் முன்கதை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எதுவும் வைக்கவில்லை என்பது உண்மை. மாட்டில் எதுவும் சேர்க்கப்படவில்லை என்பது உங்களால் சொல்ல முடியாத செய்தி. ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் சொன்னது என்று நான் நம்புகிறேன். ஆனால் டெக்சாஸில் நுகர்வோரை ஏமாற்றும் வணிகச் செயலுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. தெரிந்தே செய்ததாக நிரூபணமானால் இழப்பீடு மூன்று மடங்கு வரை போகலாம். இதுவரை தெரியாமல் சொன்னீர்கள். இந்தப் பதிலைப் படித்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. இப்போது மேய்ச்சலில் நிற்கும் ஒன்பதுக்கும் இதே நிலைதான்.

ஆகவே, அந்த நண்பர்கள் அடுத்த காளைக்கு முன்பணம் அனுப்புவதற்குள் நீங்களே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: ‘சென்ற முறை கொடுத்த மாடுகளுக்கு எங்களிடம் வந்த பிறகு எதுவும் வைக்கவில்லை. அதற்கு முன்னால் வைத்திருந்தார்களா என்பது எங்களுக்குத் தெரியாது; தெரிந்ததுபோலச் சொன்னது தவறு. இந்த முறை எங்கள் பண்ணையிலேயே பிறந்த கன்று, பிறந்த நாளிலிருந்து குறிப்பு இருக்கிறது, வந்து பார்க்கலாம்.’ சிலர் கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கேட்டால் கொடுத்துவிடுங்கள்.